சொன்ன வாயாலேயே மறுத்துச் சொன்ன நாள்

போலீஸின் ஊடகத் தொடர்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அறிக்கை எழுதுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. எந்தச் சேனலுக்கு எப்போது செய்தி வேண்டும், எந்த நிருபருக்கு எதில் அக்கறை என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்தால் தானாகப் பழகிவிடும். பழக்கத்தால் வராத ஒன்று உண்டு. நாம் சொன்னது தவறு என்று தெரிந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதுதான் அது. அதைப் பற்றித்தான் பயிற்சி வகுப்பில் பேசினேன்.

வகுப்பில் மராத்தியில் பேசினேன். முடிந்ததும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருந்த தமிழ்ப் பிள்ளைகளான நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மேடம், இத தமிழ்ல எழுதிக் குடுங்க. வீட்ல காமிக்கணும்" என்றீர்கள். உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. அம்மாவையோ அப்பாவையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால், நல்ல மழைக்காலம். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை வீடு சேர்க்கும் வேன்களில் ஒன்றைச் சுடலைமுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடும்பத்தோடு இருந்தார். மற்றப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டார். கடைசியாகச் செம்பூரில் இறங்க வேண்டிய ஒரு சின்னப் பெண் மட்டும் வீடு வந்து சேரவில்லை. முதல் வகுப்புப் படிக்கும் குழந்தை. அவள் பெயரை நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை.

அம்மா போன் செய்து பார்த்தார். டிரைவரின் போன் அணைந்திருந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார், இன்னொருவர் பயந்தார், மூன்றாமவர் டிரைவரின் படத்தைப் போட்டுக் கடத்தல் என்று எழுதிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வடாலாவில் ஒரு சாலையோரம் அந்த வேன் நின்றிருப்பதை யாரோ பார்த்தார்கள். உள்ளே பள்ளிப் பையும் ஒற்றைக் காலணியும் கிடந்தன. அங்கே கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து, இடுப்புவரை நனைந்த சுடலைமுத்து தனியாக வேனை நோக்கி நடந்து வந்தார்.

அடித்தார்கள். நம் ஆட்கள் போய்ச் சேர்ந்து அவரைக் கூட்டத்திலிருந்து பிடுங்கி ஜீப்பில் ஏற்றியதால்தான் உயிர் தப்பினார். ஜீப்பில் அவர் கத்திய ஒரே வார்த்தை பக்கத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரியின் பெயர். அங்கே போனார்கள். குழந்தை அங்கே இருந்தது.

இதுவரை நடந்ததில் நம் பக்கம் ஒரு பிழையும் இல்லை. பிழை ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. கேமராக்கள் வந்து குவிந்துவிட்டன. "குழந்தை கிடைத்துவிட்டதா? கடத்தியவன் எங்கே?" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அங்கிருந்த நம் அதிகாரி உள்ளே ஒரு நர்ஸைக்கூட விசாரிக்காமல், "குழந்தையை மீட்டுவிட்டோம். கடத்தியவனைப் பிடித்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டார். சுடலைமுத்துவின் தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக் கேமராக்களின் முன்னால் நடத்திக் கூட்டிப் போனார்கள்.

நான் இதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். நான் அப்போது இன்ஸ்பெக்டர், ஊடக மேசைப் பொறுப்பில் இருந்தேன். அடுத்த நொடி என் போன் அடிக்கத் தொடங்கியது. எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: பெயர், ஊர், படம். முதலில் அழைத்தவர் சாவந்த். ஓர் இந்திச் சேனலின் குற்றச் செய்தியாளர். பிடித்தால் விடாத ஆள். அவர் இந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், பெயரை மட்டும் உறுதி செய்யுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நான் இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

"உங்கள் அதிகாரியே கேமராவில் சொல்லிவிட்டாரே! வேறு சேனலில் பெயர் முதலில் வந்துவிட்டால் என் எடிட்டர் என்னைச் சும்மா விடமாட்டார்."

"தப்பான பெயரைப் போட்டால் அதைவிட மோசமாகும். நான் போய்ச் சேரும்வரை பொறுங்கள். உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்."

அவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். எனக்கு அப்போது எதுவும் தெரியாது, சந்தேகம்கூட இல்லை. நானே நேரில் கேட்காத ஒன்றுக்கு என் வாயால் ஆமாம் போடக் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. இந்த ஒரு பிடிவாதத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை மந்தமானவர் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை அறைக்கு வெளியே அழைத்துப் பேசினார். குழந்தைக்கு வேனிலேயே காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. வேன் தண்ணீரில் நின்றுவிட்டது. டிரைவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வந்து சேர்த்திருக்கிறார். "இன்னும் தாமதித்திருந்தால் நான் எதுவும் சொல்வதற்கில்லை" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ் மீதியைச் சொன்னார். டிரைவரின் போன் தண்ணீரில் போய்விட்டது. அம்மாவின் நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது. அது பள்ளிப் பையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடியிருக்கிறார்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். குழந்தையின் அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். என் சீருடையைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அவர் எங்கே? நர்ஸ் எல்லாத்தையும் சொன்னா. நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும். அவரை எங்கே வெச்சிருக்கேள்?"

வெளியே வந்து சாவந்தை அழைத்தேன்.

"பெயரைப் போடாதீர்கள். அவர் கடத்தவில்லை. குழந்தையைக் காப்பாற்றியவர் அவர்தான்."

"அப்படியென்றால் உங்கள் அதிகாரி சொன்னது?" என்று கேட்டார்.

"தவறு."

"இதை நீங்கள் கேமராவில் சொல்வீர்களா?"

"என்னைவிடப் பெரியவர் சொல்வார்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. எங்கள் துணை கமிஷனரான டிசிபியிடம் நான் இன்னும் பேசவே இல்லை.

எங்கள் டிசிபி நல்ல மனிதர். ஆனால் மேலேயிருந்து வரும் போன்களுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? நான் போனபோது அவர் முன்னால் மூன்று வரியில் ஓர் அறிக்கை தயாராக இருந்தது. விசாரணைக்குப் பின் அந்த நபர் அனுப்பிவைக்கப்பட்டார் என்று இருந்தது.

"சார், இதைப் படிக்கிறவர்கள் போலீஸ் விட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். செய்யவில்லை என்று நினைக்கமாட்டார்கள்."

"வேறு என்ன எழுதச் சொல்கிறாய்?"

"எழுத வேண்டாம் சார். கேமராவில் சொன்னதைக் கேமராவில்தான் திரும்ப வாங்க வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கோ ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், இல்லையா?"

"ஆமாம் சார்."

"டிபார்ட்மெண்ட் முட்டாளாகத் தெரியும்."

"ஒருநாள் தெரியும் சார். சொல்லாவிட்டால் இனி நாம் சொல்லும் எல்லாவற்றிலும் தெரியும்."

அந்தச் சமயம் வாசலில் ஒரே கூச்சல். ஒரு பெண்ணின் குரல், தமிழில். "என் வீட்டுக்காரவுகள எங்க வச்சிருக்கிய? இப்பம் காட்டுங்க!" சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் தாராவியிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். டிசிபி அவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

பேச்சியம்மாள் அழவில்லை. நேராக மேசைவரை வந்து நின்றார். சந்தில் ஆட்கள் திரண்டு வந்து கதவை உடைத்திருக்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வீட்டை உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டார். நான் ஒவ்வொன்றாக டிசிபிக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். "முகத்தைத்தான் மூடியிருந்தோமே, எப்படித் தெரிந்தது என்று கேள்" என்றார் அவர். கேட்டேன்.

"முகத்த மூடுனிய, சட்டய மூடுனியளா?" என்றார் பேச்சியம்மாள். "அந்தக் கோடு போட்ட சட்ட காலையில நான் தேச்சுக் குடுத்தது. டிவியப் பாத்த ஒடனே சந்துக்கே தெரிஞ்சுபோச்சு. எம் பிள்ளைக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது."

அதை நான் மொழிபெயர்த்து முடித்ததும் டிசிபி அந்த மூன்று வரி அறிக்கையை எடுத்துக் கிழித்தார். "எங்கே சொல்ல வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"அவர் சந்தில், சார். அவரோடு நடந்து போய்."

ஆனால் அதற்கு இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். அவரைக் கேட்காமல் நாம் ஒருமுறை அவர் உருவத்தைக் காட்டியாகிவிட்டது. மறுமுறை அவரைக் கேட்காமல் செய்தால் அதுவும் அதே தப்புதான். சுடலைமுத்து அதே அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. நான் தமிழில் பேசியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"யம்மா, என்னய விட்டா போதும். நாளைக்கே ஊருக்கு ரயில் ஏறிருதேன்."

"அண்ணாச்சி, நானும் தாராவியில பொறந்தவதான். நீங்க ஊருக்குப் போனா ஓடிட்டாம்பாங்க. பெரிய சாரே உங்ககூட நடந்து வாரேங்காரு. எல்லா டிவிக்காரங்களும் வருவாங்க. ஆனா உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க."

"மறுபடியும் அந்தக் கேமராவா?" அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவருக்கு இருந்த பயம் எனக்கு இருந்ததைவிடப் பெரியது. அதை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

பேச்சியம்மாள்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நாம என்ன திருடுனமா? நடந்தே போவம். நானும் கூட வாரேன். எம் புருசன் இவருதான்னு எல்லாருக்கும் காட்டணும்லா."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "துணி கிணி ஒண்ணும் மூஞ்சில போடக் கூடாது" என்றார்.

அன்று மாலையே சாவந்திடம், "நாளைக் காலை டிசிபி அந்த டிரைவரோடு அவர் வீட்டுக்கு நடந்து போகிறார்" என்றேன். அவருக்குக் கொடுத்த வாக்குப்படி முதலில் அவரிடம். பிறகு எல்லாருக்கும். மறுப்பு அறிக்கை என்றால் யாரும் வரமாட்டார்கள். டிசிபி தாராவிச் சந்துக்குள் நடந்து போகிறார் என்றால் வராமல் இருக்க முடியுமா? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. கேமரா எதைத் தேடி வரும் என்று தெரிந்து, அங்கே உண்மையைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அன்றிரவு சுடலைமுத்துவின் குடும்பத்தைக் காவலர் குடியிருப்பில் தங்க வைத்தோம். மறுநாள் மழை ஓய்ந்திருந்தது. காரில் போகும்போது டிசிபி, "தவறு எங்களுடையது என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். தொண்ணூறடி ரோட்டில் இறங்கினோம். நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கேமராக்கள். முந்தைய நாள் ஆஸ்பத்திரி வாசலில் பேசிய அதிகாரியும் அங்கே நின்றிருந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. அவராகவே வந்து சுடலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஃப் கரோ பாய்" என்று இந்தியில் மன்னிப்புக் கேட்டார். பிடித்த கையைச் சுடலைமுத்துவும் விடவில்லை.

நடந்தோம். நடுவில் சுடலைமுத்து, ஒரு பக்கம் டிசிபி, மறுபக்கம் பேச்சியம்மாள். சந்து குறுகக் குறுக மாடிப்படிகளிலும் கூரைகளிலும் ஆட்கள் ஏறி நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி எனக்குக் கிலியாக இருந்தது. ஒரு கல் வந்து விழுந்தால் என் திட்டம் அத்தனையும் போச்சு.

உடைந்த கதவுக்கு முன்னால் டிசிபி நின்றார். முதலில் மராத்தியிலும் பிறகு இந்தியிலும் தெளிவாகச் சொன்னார். "நேற்று இவரைக் கடத்தல்காரர் என்று நாங்கள் சொன்னோம். அது பொய்யான தகவல். குழந்தையின் உயிரைக் காப்பாற்றியவர் இவர்." பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டுத் தடுமாறி, "தப்பு எங்களோடது. மன்னிச்சிருங்க" என்றார். 'தப்பு' என்பது அவர் வாயில் 'தபு' என்றுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். குழந்தையின் அம்மா. நான் அவரை அழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். அவரைப் பார்த்ததும் கேமராக்கள் திரும்பின. நான் குறுக்கே போய் நின்றேன். "முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். குழந்தை நாளைப் பின்னே பள்ளிக்கூடம் போக வேண்டும். பின்னாலிருந்து எடுங்கள்." கேட்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. சாவந்த்தான் முதலில் தன் கேமராமேனின் தோளைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு கேமராகூட மீறவில்லை.

"நான் அந்தக் கொழந்தையோட அம்மா. அவ்வளவு தெரிஞ்சா போறும்" என்று தொடங்கினார் அவர். "இவர் இல்லேன்னா என் பொண்ணு இன்னிக்கு இல்லை. காலம்பற கண்ணைத் தொறந்ததும் வேன் அங்கிள் எங்கேன்னு கேட்டா. அதான் கூப்பிட வந்தேன்." சொல்லிவிட்டுக் குனிந்து சுடலைமுத்துவின் காலைத் தொட்டார். அவர் பதறிப் பின்வாங்கி, "ஐயோ, வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே முதல்முறையாக அழுதார்.

எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. அப்புறம் கைதட்டல். கூரைமேலிருந்து, மாடிப்படியிலிருந்து, அந்தச் சந்து முழுக்க. டிசிபி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் சர்வீஸில் எத்தனையோ பேர் பதக்கம் வாங்கும்போது கைதட்டியிருக்கிறேன். அன்று கேட்ட கைதட்டல்தான் என் காதில் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "அக்கா, தப்பா நெனச்சுட்டோம்."

"நெனச்சதோட விட்டியளா? கதவையில்லா ஒடச்சிய" என்றார் பேச்சியம்மாள். "மொதல்ல ஒரு ஆசாரியக் கூட்டிட்டு வாங்க."

சந்தே சிரித்தது. ஆசாரி மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரரே பலகை வாங்கிக் கொடுத்தார்.

அன்று எல்லாச் சேனல்களிலும் அதுதான் முதல் செய்தி. முந்தைய நாள் கறுப்புத் துணியை எத்தனை முறை காட்டினார்களோ அதைவிட அதிகமாகத் தாராவிச் சந்தைக் காட்டினார்கள். போலீஸ் முட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னதைத் திருத்தத் தெரிந்தவர்கள் என்றுதான் சொன்னார்கள். மேலிடத்திலிருந்து டிசிபிக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வெளியே வந்து, "பாராட்டினார்கள். நீ என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்ததை மட்டும் நான் சொல்லவில்லை" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வேனில் இடம் போதவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் படத்தைப் போட்ட அப்பாவே தன் மகனைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லத் திணறினாராம். "சார், பின்னால ஆரன் அடிக்கான். சாயந்தரம் பேசிக்கிடுவம்" என்று சொல்லிவிட்டுச் சுடலைமுத்து வண்டியை எடுத்தாராம். இதை எனக்குச் சொன்னவர் பேச்சியம்மாள்.

நம் வேலைக்கு அதன் பலன் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. செம்பூரில் பிள்ளை பிடிக்கிற கூட்டம் இறங்கியிருக்கிறது என்று ஒரு வீடியோ பரவியது. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த ஓர் ஆளை ஒரு கும்பல் கடைக்குள் அடைத்துப் போட்டிருந்தது. ஷட்டருக்கு வெளியே ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்த வீடியோ ஒளிபரப்பானால் அவர் உயிர் மிஞ்சாது. இந்த முறையும் நானே நேரில் விசாரித்துவிட்டுச் சாவந்தை அழைத்தேன்.

"வீடியோ வேறு மாநிலத்தில் எடுத்தது. அந்த ஆள் அப்பாவி. போடாதீர்கள்."

"மேடம், நீங்கள் சொல்கிறீர்களா?"

"நான்தான் சொல்கிறேன்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நான் போனை வைப்பதற்குள் அவர் சேனலில் 'வதந்தி' என்று பெரிய எழுத்தில் ஓடத் தொடங்கியது. அடுத்தடுத்து மற்றச் சேனல்களிலும் ஓடியது. கடை வாசலில் நின்றவர்கள் தங்கள் போன்களிலேயே அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கலைந்தார்கள். நம் ஆட்கள் ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து அந்த மனிதர் தன் காலால் நடந்து வெளியே வந்தார்.